புறவாசல் பதில்கள்: மார்கழிப் பாத்தியும் தைப் பானையும்

கார்த்திகை தீபத்தன்று கோயில் வாசலில் எரிந்த சொக்கப்பனையின் சாம்பலை ஒரு பெட்டியில் அள்ளி வந்து, அவரைப் பந்தலுக்குத் தூவிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் மழை ஓய்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது. புறவாசலில் கால் வைத்தால் இன்னும் கணுக்கால் புதைகிறது. வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆசைதான்: கிறிஸ்துமஸையோ பொங்கலையோ வீட்டில் விளைந்ததை வைத்தே நடத்திவிட வேண்டும். முழுவதுமாக நடத்த முடியாது. மூன்று சென்ட் புறவாசலை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வருடமாக மண்ணைக் கிளறும் எனக்கே ஒரு வருடம்கூட முடிந்ததில்லை. எவ்வளவு முடியும் என்பதைப் பார்ப்போம்.

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி: மொட்டை மாடியில் இருபது குரோ பேக் வைத்திருக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு எல்லாக் காய்களையும் மாடியிலேயே பறித்துச் சமைக்க ஆசை. இப்போது எதை விதைக்கலாம்?

நீங்கள் கடிதம் எழுதியபோது பொங்கலுக்கு ஐம்பது நாள் இருந்திருக்கும். இதழ் உங்கள் கைக்கு வரும்போது நாற்பது நாள்தான் மிச்சம். அதில் விளையக்கூடியதை மட்டும் சொல்கிறேன். வெந்தயக்கீரை இருபது, இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அவசரப்பட்டு இன்றே விதைத்தால் பொங்கலுக்கு முந்தி முற்றிப்போகும். ஆகவே மார்கழி முதல் வாரத்தில் விதையுங்கள். சிறுகீரையும் அப்படியே. கொத்தமல்லியை இன்றைக்கே விதைக்க வேண்டும். முழு விதையை அப்படியே போடாமல், செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துத் தூவுங்கள். முளைக்கப் பத்து நாள் எடுத்துக்கொள்ளும். ஐந்தாம் நாளே பையைக் கிளறிப் பார்க்க வேண்டாம். வெள்ளை முள்ளங்கிக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாள் தேவை. ஓரடி ஆழமுள்ள பையில் இன்று போட்டால் பொங்கலன்று சாம்பாரில் கிடக்கும், விரல் பருமனில் இருந்தாலும் நம் முள்ளங்கிதானே.

இவ்வளவுதான். கத்தரி, வெண்டை, அவரை, பூசணி, கிழங்கு எல்லாவற்றையும் இந்த வருடம் கடையில் வாங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லிவைத்தது ஆடியில் வயிற்றை நிரப்புவதற்காக அல்ல. தையில் பானை வைக்கும்போது கறிக்கு ஆளிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். புதுக் காலண்டர் வந்ததும் குறித்துவையுங்கள்: சித்திரை கடைசியில் ஒரு பையில் இரண்டு விரல் மஞ்சள், இன்னொன்றில் இஞ்சி. ஆடியில் அவரை, பூசணி, கத்தரி நாற்று. புரட்டாசியில் சர்க்கரைவள்ளிக் கொடி. அந்தக் கொடிக்கு மட்டும் சாணியைக் கூடை கூடையாகக் கொட்டிவிடாதீர்கள். ஒரு வருடம் நான் கொட்டினேன். வேலி தாண்டி அடுத்த வீட்டுக் கிணற்றடி வரை கொடி போயிற்று. தோண்டிப் பார்த்தால் சுண்டுவிரல் பருமனில் நான்கு வேர். ஆட்டுக்கு மட்டும் அந்த வருடம் நல்ல பொங்கல்.

கோவில்பட்டியிலிருந்து: மார்கழிக் கோலத்தில் வைக்க எங்கள் பூசணிக் கொடியில் தினமும் பூப் பறிக்கிறேன். 'பூவைப் பறித்தால் காய் எங்கிருந்து வரும்?' என்று என் மாமியார் கடிந்துகொள்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான், எந்தப் பூவைப் பறிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பக்கம் பூசணி என்றால் மஞ்சள் பூசணி, வெள்ளையைத் தடியங்காய் என்போம். சென்னைப் பக்கத்து வாசகர்கள் இந்தப் பதிலில் பூசணி என்று வரும் இடத்தில் பரங்கி என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். ஆண் பூ நீண்டு மெலிந்த காம்பின் நுனியில் நிற்கும். பெண் பூவுக்குக் காம்பு குட்டை. இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு உட்கார்ந்திருக்கும். பிஞ்சு இருப்பதைத் தொடாதீர்கள். ஆண் பூக்கள் எண்ணிக்கையில் அதிகம், அவை ஒரு வாரம் பத்து நாள் முந்தியே வரத் தொடங்கிவிடும். கோலத்துக்குப் போவது அவைதான். சாண உருண்டையில் செருகி நிறுத்த வாகாக இருப்பதும் அந்த நீண்ட காம்புதான். யாரோ கொடியை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இந்த வழக்கத்தை ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் உங்கள் மாமியார் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஆண் பூ எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே பறித்துவிட்டால் தேனீக்கு மகரந்தம் ஏது? பெண் பூ விடியும்போது விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். அவ்வளவுதான் அதன் ஆயுள். தினமும் மூன்று, நான்கு ஆண் பூக்களைக் கொடியிலேயே விட்டுவையுங்கள். மூடாக்கும் பனியுமாகத் தேனீ வராத நாளில், கோலம் போட்டு முடித்த கையோடு ஓர் ஆண் பூவின் இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுத் தடவுங்கள். எட்டு மணிக்குள் செய்ய வேண்டும். கோலம் போடும் பெண்கள் எப்படியும் அந்த நேரத்தில் விழித்துத்தான் இருக்கிறோம்.

இன்னொன்று: இப்போது பூக்கும் கொடி தைப் பொங்கலுக்குப் பழுத்த பூசணி தராது, காய் முற்ற மாசி ஆகிவிடும். இலையில் மாவு பூத்தாற்போல் வெள்ளை படர்ந்தால் அது சாம்பல் நோய், பனிக்கு வருவது. அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து காலையில் தெளித்துப் பாருங்கள். பூ வைத்த சாணத்தைத் தட்டிக் காயவைத்து எடுத்துவைக்கிறீர்கள் அல்லவா? உங்கள் வீட்டில் சிறுமிகள் இருந்தால் சிறுவீட்டுப் பொங்கலுக்கு வேண்டியிருக்கும். நாங்கள் அந்தப் பூவறட்டிகளைத் தாமிரபரணியில் மிதக்கவிட்டுக் கரையிலேயே ஓடுவோம், யாருடையது முந்துகிறது என்று.

சுரண்டையிலிருந்து ஒரு வாசகர்: ஆனியில் போட்ட பந்தல் அவரை புரட்டாசி வரை ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. வெட்டிவிடலாம் என்று நினைத்தபோது ஐப்பசி முடிவில் பூத்தது. இப்போது நுனியெல்லாம் கறுப்பாக அசுவினி. செடியிடம் நான் என்ன தப்பு செய்தேன்?

ஒன்றும் செய்யவில்லை ஐயா. நாட்டு அவரையும் மொச்சையும் பகல் குறைவதைப் பார்த்துத்தான் பூக்கும். நம் ஊரில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நமக்குத் தெரியாத அந்த ஒரு மணி நேரம் அவரைக்குத் தெரிகிறது. ஆனியில் விதைத்தால் கூடுதலாக இரண்டு மாதம் இலையை வளர்த்துக் கொடுக்கும், வேறொன்றும் லாபமில்லை. வருடம் முழுவதும் காய் வேண்டுமென்றால் குத்து அவரை போடுங்கள். ருசிக்கு நான் பொறுப்பல்ல.

அசுவினிக்கு: எறும்பு ஏறுகிறதா என்று முதலில் தண்டைப் பாருங்கள். எறும்புதான் அதற்குக் காவல். நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிருங்கள். பனி ஈரம் இருக்கும்போது விறகுச் சாம்பலைத் தூவுங்கள். அதிலும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சிறிது சோப்புக் கரைசல், அந்தி நேரத்தில் தெளிக்க வேண்டும். காலையில் தெளித்தால் பூவுக்கு வரும் தேனீயும் போய்விடும். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டுகள் தென்பட்டால் எதுவுமே தெளிக்காமல் ஒரு வாரம் காத்திருங்கள். அவை தின்னும் வேகத்துக்கு நம் மருந்து ஈடாகாது.

நாசரேத்திலிருந்து ஒரு சகோதரி: கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கேக்கும் முறுக்கும் கொடுப்போம். இந்த வருடம் என் தோட்டத்திலிருந்து ஏதாவது கொடுக்க வேண்டும். பப்பாளி, இஞ்சி, ஓமவல்லி, கறிவேப்பிலை இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பப்பாளி இருக்கும்போது வேறு என்ன வேண்டும்? கேக்கில் நாம் போடும் டூட்டி ஃப்ரூட்டி எதிலிருந்து வருகிறது என்று நினைத்தீர்கள்? பெரும்பாலும் பச்சைப் பப்பாளிக்காய்தான். கடையில் வாங்குவது கண்ணைப் பறிக்கும் சிவப்பும் பச்சையுமாக இருக்கும். வீட்டில் செய்தால் நிறம் கொஞ்சம் மங்கலாக, வாய்க்கு இதமாக இருக்கும்.

உள்ளே சிவக்காத, கெட்டியான காயாகப் பறியுங்கள். பால் வடிந்து போகும்வரை ஒரு மணி நேரம் வைத்து, தோலும் விதையும் நீக்கி, பட்டாணி அளவுக்குச் சதுரமாக நறுக்குங்கள். இந்த நறுக்கும் வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். வீட்டு ஆண்களை உட்காரவையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் துண்டுகளைப் போட்டு, ஓரம் கண்ணாடிபோல் தெளியும்வரை ஐந்து நிமிடம் வேகவிட்டு வடித்துவிடுங்கள். குழைந்தால் அல்வாவாகத்தான் ஆகும். ஒரு கிலோ துண்டுக்கு முக்கால் கிலோ சர்க்கரை. சர்க்கரை முழுகும் அளவு தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சி, துண்டுகளைப் போட்டு, சிறு தீயில் பாகு ஒரு கம்பிப் பதத்துக்கு வரும்வரை வைத்து இறக்குங்கள். மூன்று கிண்ணமாகப் பிரித்து, ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், மூன்றாவதை அப்படியே விடுங்கள். ஓர் இரவு ஊறட்டும். காலையில் வடித்து, தட்டில் பரப்பி மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள். மார்கழி வெயிலை நம்பாதீர்கள். வடித்த பாகைக் கொட்டிவிடவும் வேண்டாம், இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தால் தேநீருக்கு ஆகும்.

டிசம்பர் 15-க்குள் இதை முடித்துவிட்டால் பாதியை உங்கள் கேக்குக்கு வைத்துக்கொண்டு, மீதியைச் சிறு பாட்டில்களில் அடைத்துத் தெருவுக்குக் கொடுக்கலாம். இஞ்சி வைகாசியில் நட்டதென்றால் இப்போது இலை மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். செடியை முழுவதும் பிடுங்காமல் ஒரு பக்கத்து மண்ணை விலக்கி வேண்டியதை மட்டும் உடைத்து எடுங்கள்.

ஓமவல்லியை இன்றே ஒடித்துத் தகர டப்பாக்களில் நட்டால் பண்டிகைக்குள் வேர் பிடித்துவிடும். ஆனால் தெரு முழுக்கச் செடி கொடுக்காதீர்கள். செடி கொடுப்பது பிள்ளையைத் தத்துக் கொடுப்பது மாதிரி, வாங்குகிறவர் விரும்ப வேண்டும். நான் ஒரு முறை பதினோரு வீட்டுக்குக் கறிவேப்பிலைக் கன்று கொடுத்தேன். அடுத்த வருடம் பார்த்தபோது இரண்டு வீட்டில் இருந்தது. ஒன்பது வீட்டில் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள்.

ஊட்டிக்கு அருகிலிருந்து: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் போட்டிருக்கிறோம். டிசம்பர் கடைசியில் உறவினர்கள் வருகிறார்கள். உறைபனி எல்லாவற்றையும் கருக்கிவிடுமோ என்று பயம்.

எனக்குப் பனி என்றால் கோலமாவு கரையும் அளவுக்குத்தான். ஆனால் என் தங்கை அங்கே இருபது வருடம் வாழ்ந்தவள். அவள் செய்ததைச் சொல்கிறேன். மேகமில்லாமல், காற்றில்லாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவுதான் ஆபத்து. குளிர் காற்று தண்ணீர்போலப் பள்ளத்தில் தேங்கும், ஆகவே தாழ்ந்த பாத்திதான் முதலில் வெளுக்கும். பீன்ஸ் தாங்காது. இப்போதே பிஞ்சாகப் பறித்துவிடுங்கள். முட்டைக்கோஸ் தாங்கும். கேரட்டைத் தொடவே வேண்டாம், குளிருக்கு அதன் மாவு சர்க்கரையாகி இனிப்பு ஏறும். விருந்தாளி வந்த பிறகு அவர்கள் கையாலேயே பிடுங்கச் சொல்லுங்கள், அதைவிட நல்ல பரிசு மலையில் கிடையாது. மற்ற நாற்றுகளைச் சாயங்காலமே மூடிவிட வேண்டும். ஊட்டி பூங்காவில் மலர் நாற்றுகளை மூடக் கோத்தகிரி மிலார்ச் செடியைப் பயன்படுத்துவார்கள், உங்களுக்கு அது எளிதில் கிடைக்கும். வெயில் படுவதற்கு முன்னால் இலையில் படிந்த பனியைத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்பு மாணவன்: புரட்டாசியில் அறுபது பனங்கொட்டை புதைத்தேன். ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் கிழங்கு பென்சில் மாதிரி இருக்கிறது. ஏன்?

தம்பி, நீ பொறுமையில்லாமல் தோண்டினாய், அதுதான் காரணம். தை பிறக்கட்டும். பனங்கொட்டை முளைத்ததும் முளை கீழ் நோக்கி மண்ணுக்குள் இறங்கி, அங்கேதான் கிழங்கு கட்டும். கொட்டைக்கு அடியில் மண் இறுகலாக இருந்தால் கிழங்கு மெலிந்து கோணிக்கொள்ளும். அடுத்த வருடம் மணலும் மண்ணும் கலந்து இடுப்புக்குக் கீழ் வரை மேடு குவித்து, அதன் மேல் கொட்டையைப் பரப்பி மூடு. முதல் குருத்து ஓலையாக விரிவதற்குள் பிடுங்கிவிடு, விரிந்துவிட்டால் வாயெல்லாம் நார். பிடுங்கிய பிறகு கொட்டையை வெட்டி உள்ளே இருக்கும் தவுணைத் தின்ன மறக்காதே. அறுபதும் தேறினால் உன் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு கட்டு கொடு. தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியே கொடு.

சில அவசரக் கேள்விகள். மார்கழியில் மோர் மிளகாய் போடலாமா என்கிறார் சிவகாசி வாசகி. போடாதீர்கள், பூசணம் பிடிக்கும், மாசி வெயிலுக்குக் காத்திருங்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனுக்கு அவரை விதை அனுப்பலாமா? கூடாது. அங்கே விதைக்குக் கெடுபிடி மிக அதிகம். திருவாதிரைக் களிக்கு ஏழு கறிக் கூட்டு வைக்க வீட்டில் நான்கு காய்தான் இருக்கிறதே? மூன்றைக் கடையில் வாங்குங்கள், நடராசர் ரசீது கேட்க மாட்டார்.

தென்காசியிலிருந்து ஓர் அம்மா: மகளுக்குக் கல்யாணமாகி முதல் பொங்கல். சம்பந்தி வீடு ஈரோடு. பொங்கல் படியோடு எங்கள் தோட்டத்துச் சிறுகிழங்கும் சேனையும் மஞ்சள் குலையும் கொடுத்தனுப்ப நினைக்கிறேன். 'மண்ணும் கிழங்குமாகப் போய் நின்றால் என்ன நினைப்பார்கள்' என்கிறார் என் வீட்டுக்காரர்.

கொடுத்தனுப்புங்கள் அம்மா. சேலை, வேட்டி, பச்சரிசி, வெல்லம், பானை எல்லாம் அவர்கள் ஊர்க் கடையிலும் இருக்கிறது. சிறுகிழங்கு நம் பக்கத்துத் தை மாதத்தில் மட்டும் இருப்பது.

சில காரியங்கள் கவனிக்க வேண்டும். கிழங்கைக் கழுவாதீர்கள். மண்ணோடு இருந்தால் பத்துப் பதினைந்து நாள் தாங்கும். கழுவி பிளாஸ்டிக் பையில் கட்டினால் மூன்றாம் நாள் அழுகும். சணல் சாக்கில் போடுங்கள். மஞ்சள் குலையைப் பயணத்துக்கு முதல் நாள் மாலையில் இலையோடு பிடுங்கி, வேரில் ஈரத்துணி சுற்றுங்கள். சேனையை முழுதாக அனுப்புங்கள், வெட்டினால் கறுத்துப்போகும். சிறுகிழங்கைப் பழகாதவர்கள் ஒவ்வொன்றாகக் கத்தியால் சீவ உட்கார்ந்தால் அன்றோடு உங்கள் மகள் மேல் கோபம் வந்துவிடும். ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள்: ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்குப் பையில் கட்டிச் சொரசொரப்பான தரையில் உருட்டித் தேய்த்தால் தோல் தானாகக் கழன்றுவிடும். வேகவைத்து, தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்து விட்டுப் பொரியலாகச் செய்யலாம். மிஞ்சினால் மறுநாள் மற்றக் கறிகளோடு சேர்த்துச் சுண்டவைத்துப் பழைய சோற்றுக்கு வைக்கலாம்.

1979-இல் என் தலைப் பொங்கலுக்கு அப்பா கடையத்திலிருந்து பஸ் கூரையில் கரும்புக் கட்டையும், மடியில் ஒரு சாக்குச் சிறுகிழங்கையும் வைத்துக்கொண்டு வந்தார். பட்டாசலில் சாக்கைக் கவிழ்த்தபோது அன்று காலையில்தான் மெழுகிக் கோலமிட்ட தரை முழுக்க மண். என் மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சம்பந்தி நிலத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டாரே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா மட்டும் சிரித்தார். பெரிய கிழங்கெல்லாம் பொங்கலுக்குக் கறியாயிற்று. கோலிக்குண்டு அளவில் கிடந்த பொடிகளைத் தேய்க்கச் சலித்துக்கொண்டு, மாமியார் கிணற்றடியில் வீசி எறிந்தார். சித்திரைக் கோடை மழைக்கு அவை முளைத்துக்கொண்டு வந்தன. யாரும் பிடுங்கவில்லை. ஆடியில் மாமியாரே கொடியைச் சாண் சாணாக வெட்டிப் பாத்தியில் நட்டார். அடுத்த தையில் கடையத்துக்கு என் அப்பாவுக்கு ஒரு சாக்குச் சிறுகிழங்கு போயிற்று. கழுவாமல்தான்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் தொட்டியின் ஆழத்தையும், விதைத்த தேதியையும், எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'செடி வாடுகிறது, காரணம் என்ன?' என்று அஞ்சலட்டையில் ஒரே வரி எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.